ஊட்டியும் மெக்சிகோவும் ஒரே உயரம்

போன மாதம் பெங்களூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். செப்டம்பரில் லே நகரத்தில் நடக்கும் லடாக் மாரத்தானில் பாதித் தூரம், அதாவது 21 கிலோமீட்டர், ஓடப் பெயர் கொடுத்திருக்கிறாளாம். "தாத்தா, எங்க ஓட்ட குரூப்ல எல்லாரும் இப்பவே அயர்ன் மாத்திரை போட ஆரம்பிச்சுட்டாங்க. உயரமான இடத்துக்குப் போனா ரத்தம் ஊறணுமாம். நானும் போடட்டுமா? நீங்கதான் பி.டி. மாஸ்டராச்சே, சொல்லுங்க" என்றாள்.

"ரெண்டு நாள் டைம் கொடும்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் அல்ல. அந்தக் கேள்வி என்னை நாற்பது வருடம் பின்னால் தள்ளிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லாமல் அவளுக்குப் பதில் சொல்ல முடியாது. அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மெக்சிகோ, 1968

1968 அக்டோபரில் நான் பி.யூ.சி. மாணவன். டீக்கடை ரேடியோவில் ஆக்கி முடிவு கேட்கக் கூட்டம் நிற்கும். அந்த முறை நமக்கு வெண்கலம்தான், அந்த வருத்தம் வேறு கதை. என்னைப் பிடித்துக்கொண்டது ஓட்டப்பந்தயம்.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 7,350 அடி. நம் ஊட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை, அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றே மெலிந்துவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான்.

காற்று மெலிந்தால் ஓடுபவரைத் தடுக்கும் எதிர்ப்பும் குறையும். அதனால் சில விநாடிகளில் முடிந்துவிடும் போட்டிகளுக்கு அது லாபம். பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 விநாடியில் முடித்தார். நீண்ட தூர ஓட்டக்காரர்கள் கதை நேர்மாறு. ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் 10,000 மீட்டரில் உலக சாதனையாளர், 1965-இல் 27 நிமிடம் 39 விநாடியில் ஓடியவர். மெக்சிகோவில் கென்யாவின் நஃப்தாலி தெமு ஜெயித்த நேரமே 29 நிமிடம் 27 விநாடி. கிளார்க் ஆறாவதாக வந்து கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். முகத்தில் ஆக்சிஜன் வைத்து அவரை எழுப்ப வேண்டியிருந்தது.

1,500 மீட்டரில் கென்யாவின் கிப்சோகே கெய்னோ, உலக சாதனையாளர் ஜிம் ரயனைச் சுமார் இருபது மீட்டர் பின்னால் விட்டு ஜெயித்தார். மாரத்தானில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. 1,500 மீட்டரிலிருந்து மாரத்தான் வரை ஓட்டங்கள் அத்தனையிலும் தங்கம் ஆப்பிரிக்கர்களுக்கே. அவர்களில் பெரும்பாலோர் உயரமான மேட்டு நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்.

அன்றுதான் "உயரம்" என்ற சொல் விளையாட்டு உலகத்துக்குள் நுழைந்தது. என் மனதிலும் நுழைந்தது. ஆனால் நான் புரிந்துகொண்டது பாதிதான்: காற்று மெலிந்தால் ஓட்டம் தளரும். மீதிப் பாதி ரத்தத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதற்கு விலை கொடுத்தவள் என் மாணவி.

நான் திட்டிய பெண்

1980-களின் நடுப்பகுதி. சமவெளியில் ஒரு சிற்றூர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். செருப்பில்லாமல் நான்கு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வருவாள். 1,500 மீட்டரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். அடுத்த போட்டி ஊட்டியில்.

முந்தைய நாள்தான் போய்ச் சேர்ந்தோம். முதல் சுற்றிலேயே அவள் வாய் திறந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் எல்லோரும் போய்விட்டார்கள். கடைசியாக வந்து, புல்லில் உட்கார்ந்து மார்பைப் பிடித்துக்கொண்டாள். சமவெளியிலிருந்து வந்த மற்ற பிள்ளைகளும் திணறினார்கள்தான். ஆனால் அவர்கள் ஓடி முடித்து நின்றார்கள். இவளால் நிற்க முடியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலு பேர் முன்னால் திட்டினேன். "ஊர் சுத்திப் பாக்க வந்தியா? மத்த பொண்ணுங்களுக்கும் இதே காத்துதானே?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நகத்தைப் பார்த்தார். "சோகை. இந்த உடம்பை வச்சுக்கிட்டா ஊட்டியில ஓடினா?" என்று என்னைப் பார்த்தார்.

ஆய்வகத்தில் சாலி கருவி என்று ஒன்று இருக்கும். பழைய ஆட்கள் பார்த்திருப்பீர்கள். சிறு கண்ணாடிக் குழாயில் அமிலம், அதில் ஒரு சொட்டு ரத்தம். பழுப்பு நிறமாகும். பக்கத்துக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு அளவைப் படிப்பார்கள். அன்று அது காட்டியது 8. இருக்க வேண்டியது 12-க்கு மேல்.

அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் நூலகத்தில், ஓய்வு பெற்ற பிறகு இணையத்தில். படித்ததில் முக்கியமானதைச் சொல்கிறேன்.

பெரு நாட்டு மலைகள்

உயரம் மனிதனை என்ன செய்கிறது என்று தெளிவாக எழுதி வைத்த முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் ஹொசே டி அகோஸ்டா என்ற ஸ்பானியப் பாதிரியார். பெருவின் ஆண்டீஸ் மலையில் பரியாகாகா கணவாயைத் தாண்டும்போது வாந்தியும் திணறலுமாக அவர் பட்ட பாடு, 1590-இல் வெளிவந்த அவருடைய நூலில் இருக்கிறது. அங்குள்ள காற்று மனிதன் சுவாசிக்கத் தகாத அளவு மெல்லியது என்று அப்போதே ஊகித்தார்.

அதை நிரூபித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர். காற்றை வெளியேற்றும் அறைக்குள் தானே உட்கார்ந்து சோதித்தவர். சிக்கல் அழுத்தக் குறைவால் அல்ல, அதனால் ஏற்படும் ஆக்சிஜன் குறைவால்தான் என்று 1878-இல் எழுதினார். மலையில் வாழும் விலங்குகளின் ரத்தம் கூடுதல் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது என்பதையும் 1882-இல் காட்டினார்.

மனிதனுக்கும் அப்படியா? அதைப் பார்க்க 1890-இல் ஃபிரான்சுவா வியோ என்ற போர்தோ பேராசிரியர் பெருவுக்குப் போனார். லிமாவில் தன் ரத்தத்தை எடுத்து சிவப்பணுக்களை எண்ணினார்: ஒரு கன மில்லிமீட்டரில் 50 லட்சம். பிறகு சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள மொரோகோச்சா சுரங்க ஊருக்கு ஏறினார். மூன்று வாரத்துக்குள் எண்ணிக்கை 70 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் சில நாட்களில் எண்ணிக்கை கூடுவது புது அணுக்கள் பிறப்பதால் அல்ல. ரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி குறைகிறது, குழம்பு சுண்டுவதுபோல. புது அணுக்கள் பிறந்து சேர வாரக்கணக்கில் ஆகும். பேத்தி விஷயத்தில் இது முக்கியம், பிறகு வருகிறேன்.

1921-22 குளிர்காலத்தில் கேம்பிரிட்ஜின் ஜோசப் பார்கிராஃப்ட் ஒரு குழுவோடு பெருவின் செரோ டி பாஸ்கோவுக்குப் போனார். 4,300 மீட்டர் உயரம். ரயில் பெட்டி ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார்கள். வேலை நல்ல வேலைதான். ஆனால் மலையில் வாழ்பவர்கள் எல்லோருமே உடலும் அறிவும் மங்கியவர்கள் என்ற பொருளில் அவர் எழுதிவிட்டார். லிமா மருத்துவர் கார்லோஸ் மொங்கேவுக்கு அது பொறுக்கவில்லை. தன் நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே சுரங்கம் வெட்டி, பந்து விளையாடி, பிள்ளை பெற்று வாழ்கிறார்களே! அவரும் குழு கட்டிக்கொண்டு மலையேறினார். மங்கிப்போனது மலை வாசிகள் அல்ல, மலைநோயோடு அங்கே அளவெடுத்த பார்கிராஃப்ட்தான் என்று திருப்பிச் சொன்னார்.

அதே மொங்கேதான் 1925-இல் இன்னொரு உண்மையையும் வெளியிட்டார். மலையில் வெகுகாலம் வாழும் சிலருக்கு சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகி, ரத்தம் கெட்டியாகி, முகம் கருநீலமாகி, தலைவலியும் மூச்சிரைப்பும் வருகிறது. இன்று அதற்கு மொங்கே நோய் என்றே பெயர். தேவைக்கு மேல் ரத்தம் ஊறினால் அதுவும் வினைதான்.

ஊறச் சொல்வது யார்?

ஆக்சிஜன் குறைந்ததை எலும்பு மஜ்ஜைக்கு யார் சொல்கிறார்கள்? 1906-இல் பாரிஸில் கார்னோவும் டெஃப்லாந்தரும், ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு பொருள் சேதி கொண்டுபோகிறது என்று முயல்களை வைத்துச் சொன்னார்கள். பலர் நம்பவில்லை. அது உண்மை என்று உறுதியாக 1950-கள் ஆயின. சிறுநீரகத்தில் பிறக்கும் எரித்ரோபாய்டின். 1977-இல் சிகாகோவில் கோல்ட்வாசரும் ஜப்பானின் மியாகேயும் அதைத் தூய வடிவில் பிரித்தார்கள். அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது ஜப்பானிய நோயாளிகளின் சுமார் 2,500 லிட்டர் சிறுநீர்! கிடைத்த பொருளோ சில மில்லிகிராம்தான்.

சேதி வந்துவிட்டது. மஜ்ஜை வேலையைத் தொடங்க வேண்டும். அதற்குச் சரக்கு வேண்டாமா? அந்தச் சரக்குதான் இரும்பு.

நம் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம், ஒரு சிறு ஆணி அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. மஜ்ஜைக்குத் தினம் 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். உணவிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதி? 120 நாள் வாழ்ந்து ஓய்வு பெறும் பழைய சிவப்பணுக்களை உடைத்து, அந்த இரும்பையே திரும்பப் பயன்படுத்துகிறது. நம் பாட்டிமார் வீட்டு நிர்வாகம்தான்.

கையிருப்பு நிறைந்த உடம்பு மலைக்குப் போனால் குதிரிலிருந்து நெல்லை எடுத்துக் கொடுக்கும். குதிர் காலியாக இருந்தால் சேதி எத்தனை முறை வந்தாலும் மஜ்ஜை கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

இதை ஓட்டக்காரர்களிடம் காட்டியவர் அமெரிக்காவின் ஸ்ட்ரே-கண்டர்சன். 1992-இல் அவர் குழு வெளியிட்ட முடிவு: இரும்புக் கையிருப்பு குறைந்த ஓட்டக்காரர்கள் நான்கு வாரம் உயரத்தில் இருந்தும் அவர்களின் சிவப்பணு அளவு கூடவில்லை. 1997-இல் அவரும் பெஞ்சமின் லெவினும் 39 கல்லூரி ஓட்டக்காரர்களை வைத்துப் புகழ்பெற்ற ஆய்வொன்றைச் செய்தார்கள். 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டரில் இறங்கிவந்து பயிற்சி செய்தவர்கள், பிறகு கடல் மட்டத்தில் 5,000 மீட்டரைச் சராசரியாக 13 விநாடி வேகமாக ஓடினார்கள். இந்த முறை எல்லோருக்கும் இரும்பு மருந்து கொடுத்தே தொடங்கினார்கள்.

2015-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், உயரப் பயிற்சிக்குப் போன 178 வீரர்களின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். இரும்பு சாப்பிடாதவர்களுக்கு உடலின் மொத்த ஹீமோகுளோபின் சராசரியாக 1.2 சதவீதம் கூடியது. தினம் 105 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு 3.3 சதவீதம், 210 சாப்பிட்டவர்களுக்கு 4 சதவீதம். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய.

இன்னொன்று எனக்கே வியப்பாக இருந்தது. 2008-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று, பார்கிராஃப்ட் போன அதே செரோ டி பாஸ்கோவுக்கு, சமவெளி ஆட்கள் 22 பேரோடு போனது. மூன்று நாள் கழித்துச் சிலருக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். உயரத்தில் நுரையீரல் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். இரும்பு ஏற்றியவர்களுக்கு அந்த அழுத்தம் ஓரளவு இறங்கியது. புது ரத்தம் ஊற அவகாசமே இல்லை. ஆக, ரத்தம் ஊற வைப்பது மட்டுமல்ல, உடம்பு ஆக்சிஜனை உணரும் இடத்திலேயே இரும்புக்கு வேலை இருக்கிறது.

அன்னபேதி முதல் மாத்திரை வரை

சோகைக்கு இரும்பு என்பது மேல்நாட்டார் புதிதாகக் கண்டது அல்ல. நம் சித்த வைத்தியத்தில் அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் உண்டு. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட்தான். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் சிடன்ஹாம் என்ற மருத்துவர் இரும்புத் தூளை ஒயினில் ஊறவைத்து வெளுத்த பெண்களுக்குக் கொடுத்தார். 1832-இல் பிரான்சில் பிளோ என்பவர் கொண்டுவந்த இரும்பு மாத்திரை உலகமெல்லாம் பரவியது. அதன் வாரிசைத்தான் இன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்கள்.

என் மாணவிக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். முதலில் பூச்சி மருந்து. செருப்பில்லாத காலின் வழியே நுழையும் கொக்கிப் புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும், அதை ஒழிக்காமல் மாத்திரை கொடுத்துப் பயனில்லை என்றார் டாக்டரம்மா. பத்து நாளில் அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். வயிறு பிசைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று அம்மா பயந்துவிட்டார். "வாத்தியாரய்யா, இது பிள்ளைக்கு ஒத்துக்கலை" என்றார். கறுப்பாகப் போவது இயல்புதான் என்று டாக்டரம்மா சொன்னதைப் போய்ச் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னோம். கூட ஒரு நெல்லிக்காய். டீ மட்டும் வேண்டாம், அது இரும்பைக் குடலில் சேரவிடாது. மூன்று மாதம் மதிய உணவுக்குப் பிறகு என் மேஜைக்கு வந்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போவாள். நான் செய்த பிராயச்சித்தம் அவ்வளவுதான். ஒரு ஜோடி செருப்பும் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் சாலி கருவி 12-ஐக் காட்டியது. மாவட்டப் போட்டியில் தன் பழைய நேரத்தை விட வேகமாக ஓடி ஜெயித்தாள். பத்தாவது முடிந்ததும் கல்யாணம் செய்துவிட்டார்கள். அதோடு ஓட்டமும் நின்றது.

பேத்திக்குச் சொன்னது

பேத்திக்கு நான் சொன்னது இதுதான். "யார் சொன்னாலும் கண்ணை மூடிக்கிட்டு மாத்திரை போடாதே. முதல்ல ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் மட்டும் பாத்தா போதாது, ஃபெரிட்டின்னு ஒண்ணு இருக்கு, அதையும் பாரு." ஹீமோகுளோபின் அடுக்களையில் இருக்கும் அரிசி என்றால் ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் நெல். அரிசிப் பானை நிறைந்திருக்கும்போதே குதிர் காலியாகியிருக்கலாம். மாதவிலக்கில் ரத்தம் இழக்கும் பெண்களுக்கும், நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கும் இப்படி ஆவது சகஜம்.

கையிருப்பு நிறைந்தவர்கள் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் பயன் குறைவு. உடம்பில் சேர்ந்த இரும்பை வெளியேற்ற நமக்கு வடிகால் கிடையாது. சிலருக்குப் பிறவியிலேயே இரும்பு அதிகம் சேரும் கோளாறு உண்டு, அவர்களுக்கு ஈரலும் இதயமும் கெடும். மொங்கே சொன்னதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்றும் சொன்னேன். மலைநோய்க்கு இரும்பு மாத்திரை மருந்தல்ல. 1962 போரின்போது சமவெளியிலிருந்து நம் ராணுவ வீரர்களை விமானத்தில் நேராக உயரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். பலர் குண்டு படாமலே விழுந்தார்கள். இமயத்தில் நோய்ப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றி நம் ராணுவ மருத்துவர் இந்தர் சிங் குழு 1969-இல் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. லே சுமார் 3,500 மீட்டர், ஊட்டியை விட நாலாயிரம் அடிக்கு மேல் உயரம். "விமானத்துல இறங்கின அன்னிக்கும் மறுநாளும் படுத்து ஓய்வெடு. ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே போ. மாத்திரை போட்டாச்சேன்னு முந்தின நாள் போய் இறங்காதே" என்றேன். முந்தின நாள் போய் இறங்கிய ஒருத்தியை நான் அறிவேன் என்பதையும் சொன்னேன்.

பரிசோதனை முடிவு போன வாரம் வந்தது. ஹீமோகுளோபின் 12.4, ஃபெரிட்டின் 11. அரிசி இருக்கிறது, நெல் இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். காலையில் ஆரஞ்சுச் சாறோடு போடுகிறாளாம். காபியைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய கஷ்டம் என்கிறாள்.

அந்த மாணவியைச் சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். அவளே தேடி வந்து, "சார், ஊட்டியில என்னை என்ன திட்டு திட்டினீங்க!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். மாத்திரையையும் செருப்பையும் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இன்று பள்ளிகளில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் பேத்தி அதை ஜன்னல் வழியே வீசுகிறாளா என்று கொஞ்சம் பாருங்கள். ஓடும் பிள்ளை திடீரென்று பின்தங்கினால், திட்டும் முன் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்.